மஞ்சள் தேய்த்துக் குளித்த சீஸ்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் டேனியல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சிங்கின் முன்னால் நின்றிருந்தார். கையில் தேங்காய் நார். பக்கத்தில் கல்லுப்பு, மஞ்சள்தூள் டப்பா. உள்ளங்கை அகலத்தில் வட்டமாக இருந்த எதையோ மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மீன் கழுவுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மீனுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை.

"இன்னாங்க பண்றீங்க?"

"பூஞ்சணம் புடிச்சிகினு கீது எஸ்தரு. பச்ச பச்சையா. உன் பொண்ணு வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணி வெச்சிடலாம்னு."

 கையிலிருந்த பைபிளை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை, மறுநாள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடைத்தது. அவர் தேய்த்துக்கொண்டிருந்தது எங்கள் மகள் பிரிசில்லா தன் கையால் செய்த முதல் சீஸ். மறுநாள் காலை பெங்களூரில், அவள் வேலை பழகும் இடத்தில் சீஸ் வாங்குகிற ஒரு ஹோட்டலின் சமையல் தலைவர் அதை ருசி பார்ப்பதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் பிரிசிக்கு வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான்.

அது இப்போது மஞ்சள் தேய்த்துக் குளித்த கல்யாணப் பெண் மாதிரி தட்டில் உட்கார்ந்திருந்தது.

போன வாரம் இந்தப் பகுதியில் ரயில் சீட்டுச் சண்டையை எழுதியதற்கு, "உங்கள் வீட்டில் மட்டும் எப்போதும் சண்டைதானா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இல்லை அம்மா. நாங்கள் தூங்கவும் செய்வோம்.

ஆண்டவர் மேலே, கருவாடு உள்ளே

எங்கள் வீடு பெங்களூருக்கு ரயில் தூரத்தில் இருக்கும் பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கக் கம்பெனிக்காரர்கள் அந்தக் காலத்தில் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. சமையலறையில் ஆள் நின்றால் அடுப்பு நிற்காது, அடுப்பு நின்றால் ஆள் நிற்க முடியாது. அதனால் ஃபிரிட்ஜ் முன்னறையில் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஒற்றைக் கதவு, வயதான உடம்பு, தலையில் நான் பின்னிய லேஸ் துணி. அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா, வசனக் காலண்டர், மினுக்கு பல்பு சுற்றிய ஆண்டவர் படம். படத்துக்கு நேர் கீழே, உள்ளே, நெத்திலிக் கருவாடு.

இந்த ஏற்பாட்டை எங்கள் போதகர் ஒருமுறை உற்றுப் பார்த்தார்.  காப்பியைச் சீக்கிரம் குடித்துவிட்டுப் போனார்.

எங்கள் ஃபிரிட்ஜில் எந்த டப்பாவையும் நம்பக்கூடாது. ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் தோசை மாவு. பிஸ்கட் டப்பாவில் இஞ்சி பூண்டு விழுது. பால் கவரைக் கழுவிக் காயவைத்து அதில் கறிவேப்பிலை. ரப்பர் பேண்டுகள் குழாயின் கழுத்தில் தொங்கும். நான் ஊதாரி இல்லை என்பதற்கு அவைதான் சாட்சி.

சீஸ் எங்கள் வீட்டுக்குப் புதியது இல்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கிறிஸ்துமஸ் சமயத்தில் தகர டப்பா சீஸ் வரும். அப்பா டப்பா வெட்டியை எடுத்தால் தெருப் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வாசலில் நிற்போம். உப்புக் கரிக்கும், பல்லில் ஒட்டும், ஆனால் அதைத் தின்றால் வெள்ளைக்காரத் துரையின் பேத்தி மாதிரி ஒரு நடை வந்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகு கட்டி சீஸ் வாங்க ஆரம்பித்தேன். பாதியைத் துருவுவேன். மீதியை அதே பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்குக் கீழே செருகிவிடுவேன். ஒரு வாரத்தில் ஓரமெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி காய்ந்து போகும். வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்போம். சீஸின் விதியே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

டெக் பார்க்கிலிருந்து பால் அண்டாவுக்கு

பிரிசி பெங்களூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். வாசலுக்கே கார் வரும். பி.எஃப். உண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது டேனியல் சபையில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார். ஒருமுறை சொன்னால் போதாதா? பிரிசி பேட்ஜ் வாங்கியதற்கு ஒன்று, சம்பளம் உயர்ந்ததற்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்படிப்பட்ட வேலையை ஒரு நாள் உதறிவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு அம்மாள் நடத்தும் சின்ன சீஸ் பட்டறையில் பழகுநராகச் சேர்ந்துவிட்டாள். காரணம் கேட்டதற்கு, "அங்க நான் இன்னா பண்றேன்னு எனக்கே தெரியல மா. இங்க காலைல பாலு, சாயங்காலம் சீஸு. கண்ணால பாக்கறேன்" என்றாள்.

டேனியல் வெடித்துவிட்டார். "பாலு திரிஞ்சா நம்ம ஊட்ல கீழ கொட்டுவாங்க. இவ அதுக்குப் படிச்சிட்டுப் போறா. இதெல்லாம் ஒரு வேலையா?"

அன்றோடு அப்பாவும் மகளும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். "உன் பொண்ணு சாப்ட்டாளான்னு கேளு" என்பார் என்னிடம். "சாப்ட்டேன்னு சொல்லு மா" என்பாள் அவள். நடுவில் தபால்காரி நான். பல மாதம் இந்த உத்தியோகம் பார்த்தேன். சம்பளமும் கிடையாது, வார விடுமுறையும் கிடையாது. சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்த மாதங்களில் நான் குளியலறையில் அழுததும் உண்டு.

பிரிசி போட்ட சட்டம்

வேலையை நிரந்தரமாக்க பட்டறை அம்மாள் ஒரு நிபந்தனை வைத்தார். பிரிசி சொந்தமாக ஒரு சீஸ் செய்யவேண்டும். அதைப் பட்டறையின் குளிர் அறையில் வைக்காமல் சாதாரண வீட்டு ஃபிரிட்ஜில் பழுக்க வைத்துக் கொண்டுவர வேண்டும். வாங்குகிறவர்கள் வீட்டில்தானே வைக்கப்போகிறார்கள், அங்கே தாங்குகிறதா என்று பார்க்கத்தான். பிரிசியின் விடுதி ஃபிரிட்ஜில் வைத்தால் ராத்திரிக்குள் யாராவது தின்றுவிட்டு, "நான் பாக்கவே இல்ல" என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே சீஸ் ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்தது.

பிறந்த குழந்தையை ஒப்படைப்பதுபோல் ஒப்படைத்தாள். மேலே வெல்வெட்டு மாதிரி வெள்ளையாக ஒரு தோல்.

"இது பூஞ்சணம்தான் மா. நல்ல பூஞ்சணம். நானே வளக்கறது. யாரும் தொடக்கூடாது."

பிறகு என் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.  "இது ஃபிரிட்ஜா, மார்க்கெட்டா?"

அன்று எனக்கு ஒரு வகுப்பே நடந்தது. சீஸைக் கதவில் வைக்கக்கூடாது. கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடு படுவது அங்கேதான். கீழே இருக்கும் காய்கறித் தட்டுதான் அதற்கு இடம். பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றினால் வியர்த்துப்போகும். வெண்ணெய்க் காகிதத்தில் தளர்வாகச் சுற்றி மூடி போட்ட டப்பாவில் வைக்கவேண்டும். தினமும் காகிதத்தோடு ஒருமுறை திருப்பிப் போடவேண்டும். வாசனையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் கருவாட்டை நாடு கடத்தவேண்டும். மற்றபடி கடையில் வாங்குகிற கட்டி சீஸுக்கும் இதே மரியாதைதான். வெட்டும் கத்தி சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்கவேண்டும். வெங்காயம் வெட்டிய கத்தியைப் புடவையில் துடைத்துவிட்டு வெட்டுவது சேர்த்தி இல்லை.

"முந்தானைல தொடைச்சா இன்னாடி?"

"அம்மா, சும்னே இரு."

சும்மா இரு என்பதைக் கன்னடத்தில் சொன்னால் எனக்குக் கோபம் வராது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. கருவாடு பக்கத்து வீட்டுக்குப் போனது. திரும்பி வரும்போது பாதிதான் வந்தது. அது வேறு வழக்கு.

செகண்ட் ஷிப்ட் லீவு

இப்போது டேனியலின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். அவர் ஃபிரிட்ஜுக்கு ரெஸ்ட் கொடுப்பார்.

இந்த ஊரில் எல்லாமே ஷிப்ட் கணக்குதான். சுரங்கம் மூடி எத்தனையோ வருடம் ஆகியும் எங்கள் தெருவில் மத்தியானத் தூக்கத்துக்கு செகண்ட் ஷிப்ட் என்றுதான் பெயர். டேனியல் இங்கே இருக்கும் பெரிய இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த மெஷினையும் மூன்று ஷிப்டும் ஓட்டினால் பேரிங் போய்விடும் என்பது அவர் மதம். ஞாயிற்றுக்கிழமை போகிற மதம் இதற்கு அடுத்ததுதான். அதனால் மத்தியானம் சாப்பிட்டதும் ஃபிரிட்ஜின் சுவிட்சை நிறுத்துவார். சாயங்காலம் டீக்குத் தண்ணீர் வைக்கும்போது போடுவார். நான் விடிகாலை ரயில் பிடித்து பெங்களூர் ஆபீசுக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவள். என் ஃபிரிட்ஜில் பால் மட்டும் ஏன் சீக்கிரம் புளிக்கிறது என்று பல வருடம் பால்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரைக் கையும் களவுமாகப் பிடித்தபோதுதான் காரணம் தெரிந்தது.

சீஸ் வந்த அன்றே அவரிடம் சொன்னேன். "பிரிசி சீஸ் உள்ள கீது. ஃபிரிட்ஜ நிறுத்தாதீங்க."

"மெஷினப் பத்தி எனக்கே சொல்றியா?" என்றார்.

அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியும் அந்தப் பதிலுக்கு அர்த்தம் வேறு என்று தெரியவில்லை.

நான் தினமும் ராத்திரி வந்து சட்டப்படி காகிதத்தோடு திருப்பிப் போட்டேன். பிரித்துப் பார்க்கவில்லை. உள்ளே பாவம் அது தினமும் மத்தியானம் வியர்த்து, சாயங்காலம் குளிர்ந்து, மறுபடி வியர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முட்டி வலி என்று சர்ச்சுக்கு வராமல் வீட்டில் இருந்த டேனியல், மகள் வருகிறாளே, அந்தப் பண்டம் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று பிரித்திருக்கிறார். நனைந்த காகிதம், பச்சைப் புள்ளிகள். பிள்ளை பார்த்தால் மனசு ஒடிந்துபோகும் என்று நாரை எடுத்திருக்கிறார்.

இதில்தான் எனக்குக் கோபமும் வந்தது, கோபப்படவும் முடியவில்லை. பல மாதம் மகளோடு பேசாத மனுஷன், அவள் வருவதற்குள் அவள் பொருளைச் சுத்தம் செய்கிறார். அவருக்குத் தெரிந்த சுத்தம் அதுதான். உப்பு, மஞ்சள், நார்.

தட்டைச் சுற்றி மூவர்

பிரிசி மத்தியான ரயிலில் வந்து இறங்கினாள். நான் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உள்ளே வந்து தட்டைப் பார்த்தாள். வெள்ளைத் தோல் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. வெல்லக்கட்டி நிறத்தில் ஒரு வட்டம், ஓரத்தில் நாரின் கீறல்கள். பக்கத்தில் கிடந்த ஈரக் காகிதத்தை எடுத்துத் தடவினாள். பிறகு நேராக அப்பாவைப் பார்த்தாள்.

"ஃபிரிட்ஜ நிறுத்துனியா நைனா?"

பல மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அவர் என்னைப் பார்த்தார். "மத்தியானம் கொஞ்ச நேரந்தான்னு சொல்லு உன் பொண்ணுகிட்ட."

"அம்மாகிட்ட இன்னாத்துக்கு சொல்ற? நான் இங்கதான நின்னுகினு கீறேன்!"

அவர் தரையைப் பார்த்தார். "மெஷின்னா ரெஸ்ட் வோணும். ஓயாம ஓடுனா..."

"சுரங்கத்துல தண்ணி எறைக்கற பம்பு ரெஸ்ட் எடுத்துச்சா? தாத்தாவே அதுல வேல பாத்தவரு. பம்பு நின்னா லெவலு லெவலா தண்ணி ஏறிடும்னு நீதான சொல்லுவ. நிறுத்துனாங்க. இப்போ உள்ள இன்னா கீது? தண்ணிதான கீது!"

 டேனியலின் அப்பாவைச் சொன்னால் அவரால் எதிர்த்துப் பேச முடியாது. தட்டைக் காட்டிக் கேட்டார். "அது பூஞ்சணந்தான?"

"வெள்ளப் பூஞ்சணம் நான் வளத்தது நைனா. பச்ச, நீ வளத்தது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் சிரிக்காததால் இருமலாக மாற்றிக்கொண்டேன்.

டேனியல் கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டினார். தண்டனையாகத் தானே தின்றுவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. வாயருகே கொண்டுபோனதும் பிரிசி பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள். "வாயில வெக்காத! கட்டி சீஸ்னா வெட்டிட்டுத் தின்னலாம். மெத்து சீஸ்ல பச்ச புடிச்சா முழுசா தூக்கிப் போடணும். உனுக்கு வவுத்துக்கு இன்னா ஆவும்?"

அதற்குப் பிறகுதான் அழுதாள். அவர் கத்தியைக் கையில் பிடித்தபடியே நின்றார். நான் கத்தியை வாங்கி வைத்தேன்.

மறுநாள் வெறுங்கையோடு போய் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள். பட்டறை அம்மாள், "மஞ்சளா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர சிரித்தாராம். இன்னொரு தடவை செய்து கொண்டுவா, ஆனால் இதுதான் கடைசி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சமையல் தலைவர் மறுபடி வருவதற்கு ஒரு மாதம் இருந்தது.

சிவப்பு அட்டை

"இந்த வாட்டி ஃப்ரெண்டு ஊட்ல வெச்சிக்கறேன் மா" என்றாள் போனில். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கட்டிலில் படுத்திருந்த டேனியல் எழுந்து உட்கார்ந்தார்.

"இங்கியே எத்துனு வா" என்றார். என்னிடம் இல்லை, போனைப் பார்த்து.

 "சரி நைனா" என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அன்றோடு என் தபால் உத்தியோகம் போனது.

இரண்டாவது சீஸ் வந்து காய்கறித் தட்டில் குடியேறியது. சட்டங்களைப் பிரிசி இந்தத் தடவை என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவள் கிளம்பிப் போன மறுநாள், ரயிலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஃபிரிட்ஜ் பக்கம் போனேன். சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது.

தொழிற்சாலையில் அந்த அட்டைக்கு இருக்கிற மரியாதை மேனேஜருக்குக் கிடையாது. ஒரு மெஷினுக்குள் ஆள் இறங்கி வேலை செய்யும்போது அதை சுவிட்சில் மாட்டுவார்கள். ஆள் வேலையில் இருக்கிறார், சுவிட்சைத் தொடாதே என்று அச்சடித்திருக்கும். கீழே வேலை செய்கிறவரின் பெயரை எழுதவேண்டும். பெயர் போட்ட ஆளே வந்துதான் கழற்றவேண்டும். முதலாளியே வந்தாலும் வேறு யாரும் கை வைக்கக்கூடாது. ஓய்வு பெற்றபோது பழைய அட்டை ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார் போலிருக்கிறது. அங்கே நின்ற மெஷினை ஓட்டாதே என்று தொங்கும். இங்கே ஓடுகிற மெஷினை நிறுத்தாதே என்று தொங்கியது.

பெயர் என்ற இடத்தில் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தார்: டி. பிரிசில்லா.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்ட மனுஷன்.

அன்று ரயிலைத் தவறவிட்டேன். தவறவிட்டதற்கு ஆபீசில் வேறு காரணம் சொன்னேன்.

சமையல் தலைவர் சீஸை ருசி பார்த்தார், இன்னொரு துண்டு கேட்டார், பிரிசிக்கு வேலை நிரந்தரமானது. டேனியல் சபையில் எழுந்து ஸ்தோத்திரம் சொன்னார். எதற்கு என்று விளக்கப் போய், நல்ல பூஞ்சணம் கெட்ட பூஞ்சணம் என்று ஆரம்பித்து, போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கும்வரை நிறுத்தவில்லை.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. எங்கள் ஃபிரிட்ஜில் ஐஸ் கரைக்கிற பட்டன் எப்போதோ உடைந்துவிட்டது. இத்தனை வருடம் செகண்ட் ஷிப்ட் லீவில் தானாகக் கரைந்துகொண்டிருந்தது. இப்போது லீவு இல்லாததால் ஃப்ரீசரில் ஐஸ் மலையாக ஏறி, உள்ளே வைத்த கறி பனிக்குள் புதைந்துபோனது.

"கொஞ்ச நேரம் நிறுத்துங்க" என்றேன்.

"பேரு போட்ட ஆளு வந்துதான் கழட்டணும். ரூலு."

"சீஸுதான் போயிடுச்சே!"

"அட்ட கீதே."

வேறு வழியில்லாமல் பிரிசிக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அட்டையைக் கழற்றி சுவிட்சை நிறுத்தினாள். ஐஸ் கரைகிறவரை மூவரும் முன்னறையில் உட்கார்ந்து கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்டோம். அப்பாவும் மகளும் சேர்ந்து தரைத் தண்ணீரைத் துடைத்தார்கள், துடைத்துக்கொண்டே கம்ப்ரஸர் பற்றிச் சண்டை போட்டார்கள். சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும் முன்பு அவளே சுவிட்சைப் போட்டு அட்டையை மாட்டினாள்.

அதிலிருந்து ஐஸ் ஏறும்போதெல்லாம் அவள் வரவேண்டியிருக்கிறது. முதலில் எப்போதாவது வந்தாள். இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறாள். ஐஸ் அவ்வளவு வேகமாக ஏறுகிறது. நான் ஆபீசுக்குப் போனபிறகு மத்தியானங்களில் ஃப்ரீசரின் சின்னக் கதவை யாரோ சரியாக மூடாமல் விடுகிறார்கள். வீட்டில் அந்த நேரத்தில் இருப்பது ஒரே ஒரு ஆள்தான். நான் இதுவரை கேட்கவில்லை.